பத்தாம் வகுப்போடு பசி பாஸாகிவிடுமா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர் கேட்டார்: "சார், காலேஜ் பையனுக்கும் கவர்ன்மெண்ட் சோறு போடணுமா? மாசம் ஆயிரம் ரூபாய் குடுக்கிறாங்களே, பத்தாதா?"

பத்தாது தம்பி.

நம்ம மாவட்டத்துக்காரர் காமராசர் 1956-ல் மதிய உணவு கொண்டுவந்தார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைத் தொடங்கி, 1984-ல் பத்தாம் வகுப்பு வரை நீட்டினார். 2022-ல் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவும் வந்தது. இவை ஜெயித்தது எதனால்? தட்டோடு நின்ற பிள்ளையிடம், "அப்பாவுக்கு என்ன சம்பளம், வீடு எத்தனை கிலோமீட்டர்" என்று யாரும் கேட்கவில்லை. (முட்டை போடும் நாளில் லீவு எடுத்த பிள்ளையை என் சர்வீஸில் நான் பார்த்ததில்லை!)

பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அந்தத் தட்டு போய்விடுகிறது. அதே பள்ளிக்கூடம், அதே சமையல்கூடம், அதே சாம்பார் வாசம். பிள்ளைக்கு மட்டும் சோறில்லை.

அப்புறம் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், கல்லூரி. அங்கே அரசு சோறு வேண்டுமென்றால் விடுதியில் சேர வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி விதியைப் பாருங்கள். குடும்ப வருமானம் வருஷத்துக்கு 2.50 லட்சத்தைத் தாண்டக் கூடாது. மாணவன் என்றால் வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். மாணவிகளுக்கு இந்தத் தூர விதி இல்லை. ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் படிக்கிறவன் தப்பித்தான். ஏழு கிலோமீட்டரில் இருக்கிற ஊர்க்காரன்? அவன் வயிறு கிலோமீட்டர் கல்லைப் பார்த்தா பசிக்கிறது? அப்பாவும் அம்மாவும் மில்லில் ஆளுக்குப் பதினோராயிரம் வாங்கினால், கூட்டிப் பாருங்கள், 2.64 லட்சம். விண்ணப்பம் தள்ளுபடி.

விடுதியில் இடம் கிடைத்தவனுக்கும் விருந்து இல்லை. கல்லூரி விடுதி உணவுத் தொகையை 2023-ல்தான் மாதம் 1,100-லிருந்து 1,500 ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கு! நம்மூர் பஸ் ஸ்டாண்டில் அந்தக் காசுக்கு மூன்று வேளை சாப்பிட்டுக் காட்டுங்கள் பார்ப்போம்.

அந்த ஆயிரத்துக்கு வருகிறேன். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் இரண்டும் நல்ல திட்டங்கள், மறுக்கவில்லை. ஆனால் ஆறாவதில் இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ, உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும். கடன் வாங்கித் தனியார் பள்ளியில் ஃபீஸ் கட்டிய பெற்றோரின் பிள்ளைக்கு இல்லை. கிடைக்கிற வீட்டிலும் அது மதியச் சாப்பாடாக மாறுவதில்லை. குழுத் தவணை, கேஸ் சிலிண்டர், பரீட்சைக் கட்டணம் என்று கரைந்துவிடும். சமைத்த சோறு அப்படிக் கரையாது, நேரே வயிற்றுக்குப் போகும்.

ஐ.டி.ஐ. பையன் மத்தியானம் முழுக்க லேத்து முன்னால் நிற்கிறான். வெறும் வயிற்றில் கண் இருட்டினால் போவது விரல்.

அமெரிக்காவில் கல்லூரி மாணவன் உணவு உதவி பெற வாரம் 20 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும் என்ற விதி இருக்கிறதே என்று அங்கிருக்கும் என் மருமகன் எழுதியிருந்தார். விலக்குகளும் உண்டாம். மாப்பிள்ளை, அந்த விதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பதினொன்று, பன்னிரண்டுக்குச் சத்துணவை நீட்டட்டும். அடுப்பும் பாத்திரமும் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்து அரசு ஐ.டி.ஐ.களிலும் கல்லூரிகளிலும் மதியச் சாப்பாடு, சான்றிதழ் கேட்காமல். அதுவரை அந்த 8 கிலோமீட்டர் விதியையாவது எடுக்கட்டும்.

மனு எழுதி வைத்திருக்கிறேன். வருகிற திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் விருதுநகர் கலெக்டர் ஆபீஸில் கொடுக்கப் போகிறேன். கூட வருகிறவர்கள் ஞாயிறு ராத்திரிக்குள் சொல்லுங்கள். வர முடியாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகாமல், உங்கள் தெருவில் விடுதி கிடைக்காத பிள்ளை எந்த விதியால் தள்ளப்பட்டான் என்று கீழே எழுதுங்கள். மனுவோடு சேர்க்க வேண்டும்.