பிள்ளைகளின் உறக்கம்

சென்ற மாதம் பாவும் ஊடையும் பெற்றுச் செல்லச் சங்கத்திற்கு வந்திருந்த அங்கத்தினர் சிலரோடு உரையாடிக்கொண்டிருந்தோம். நூல் விலையில் தொடங்கிய பேச்சு, பிள்ளைகளின் கைப்பேசியில் போய் நின்றது. "நடுச்சாமத்தில் போர்வைக்குள் வெளிச்சம் தெரிகிறது, பகலில் வகுப்பில் தூங்குகிறான் என்று வாத்தியார் சொல்லி அனுப்புகிறார்" என்றார் ஆரணிப் பக்கத்து நெசவாளர் ஒருவர். மணிலா பயிரிடும் மற்றோர் அங்கத்தினர், தம் வீட்டிலும் அதே கதைதான் என்றார். அங்கிருந்தோரில் மறுத்துப் பேசியவர் எவருமிலர்.

இக்கருவி நம் வீடுகளுக்குள் வந்த வழியை மறந்துவிடலாகாது. 2020 மார்ச்சில் தொற்றுநோயால் பள்ளிகள் மூடப்பட்டன. எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் வகுப்பறைக்குத் திரும்பினர். இடைக்காலத்தில், படிப்பு கெட்டுவிடுமே என்று கடன்பட்டுக் கைப்பேசி வாங்கிக் கொடுத்தவர்கள் நாமேதான். பாடம் பள்ளிக்குத் திரும்பிற்று. கைப்பேசி பிள்ளையின் தலைமாட்டிலேயே தங்கிவிட்டது.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்று சிலர் கேட்கின்றனர். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் வகுக்கப்பட்ட விதிகள், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களில் 18 வயதுக்குட்பட்டோர் சேரலாகாது என்றும், நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை எவரும் புதிதாக நுழையலாகாது என்றும் கூறின. அவ்விதிகள் செல்லும் என்று அவ்வாண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் அத்தகைய பண ஆட்டங்களையே தடை செய்து சட்டம் இயற்றிற்று. நல்லதே. ஆனால் நம் பிள்ளைகள் இரவில் ஆடுவன பெரும்பாலும் பண ஆட்டங்கள் அல்ல. சுட்டு வீழ்த்தும் போர் ஆட்டங்கள். பப்ஜி என்னும் ஆட்டம் 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. மறு ஆண்டே வேறு பெயரில் வந்தது. சிறுவர்க்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று அதில் வரம்பு உண்டு. தந்தையின் எண்ணைக் கொடுத்து நுழையும் சிறுவனை அவ்வரம்பு என்ன செய்யும்? தென்கொரியாவில் 16 வயதுக்குட்பட்டோர் நள்ளிரவுக்குப் பின் கணினியில் இணைய ஆட்டம் ஆடக்கூடாதென 2011-இல் சட்டம் வந்தது. ஆட்டம் கைப்பேசிக்கு மாறியபின் அச்சட்டம் பயனற்றுப் போய், 2022 தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

ஆட்டமே பிள்ளைகளின் கவனத்தைக் கெடுக்கிறது என்று அறுதியிட்டுக் கூற நாம் துணியமாட்டோம். இயல்பாகவே மனம் ஒருநிலைப்படாத பிள்ளை ஆட்டத்தை மிகுதியாக நாடுவதும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் ஆட்ட அடிமைநிலையை நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது உண்மையே. எனினும் வேறெதிலும் நாட்டமின்றி வாழ்க்கையே குலைந்து, அந்நிலை பொதுவாக ஓராண்டளவு நீடித்தால்தான் அப்பெயர் பொருந்தும். ஆடும் பிள்ளையையெல்லாம் நோயாளி எனல் தவறு. உறக்கத்தின் செய்தி வேறு. 6 முதல் 12 வயது வரை நாளொன்றுக்கு 9 மணி நேரத்துக்குக் குறையாமலும், அதற்கு மேற்பட்ட பள்ளிப் பருவத்தில் 8 மணி நேரத்துக்குக் குறையாமலும் உறக்கம் தேவை என்கின்றனர் மருத்துவர்கள். பகலில் கற்றதை மூளை நிலைநிறுத்திக்கொள்வது உறக்கத்தில்தான். கண்ணருகே ஒளிரும் திரை உறக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. ஆட்டத்தின் பரபரப்போ அதனினும் மிகுதியாகத் தள்ளிப்போடுகிறது. ஓர் ஆட்டம் முடிந்த கணமே அடுத்தது அழைக்கிறது. உறக்கங்கெட்ட கண்ணோடு தறியில் இறங்கினால், அறுந்த இழை கண்ணில் படாமல் எத்தனை விரற்கடை ஓடிவிடும் என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கணக்குப் பாடமும் அத்தகையதே. (பௌர்ணமியில் 14 கிலோமீட்டர் கிரிவலம் வந்து விழித்திருக்கும் ஊர்தானே நம்முடையது என்று நண்பர் ஒருவர் நகைத்தார். அது மாதம் ஓரிரவு. மறுநாள் எல்லோரும் உறங்கிவிடுகிறோம்.)

மற்றொன்றும் கூறவேண்டும். இப்போது கூலி வங்கிக் கணக்கில் சேர்கிறது; அக்கணக்கு கைப்பேசியில் திறக்கிறது. அதன் இரகசிய எண், எழுத்துக்கூட்டிப் படிக்கும் தந்தையைவிட மகனுக்கே நன்கு தெரியும். ஆட்டத்தில் 'வைரம்' வாங்க ஐம்பதும் நூறுமாகப் போவது மாதக் கடைசியில்தான் தெரிய வருகிறது. அந்த எண்ணை இன்றே மாற்றிவிடுமாறு அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

அடிப்பதாலும் கருவியை உடைப்பதாலும் பயன் விளையக் கண்டதில்லை. மாலையில் ஒரு மணி நேரம் ஆடட்டும். தெருவில் ஆட இடமிருந்தால் இன்னும் நன்று. இரவு ஒன்பது மணிக்கு வீட்டிலுள்ள எல்லாக் கைப்பேசிகளும் ஓரிடத்தில், பிள்ளைகள் படுக்காத அறையில், இருக்கவேண்டும். எல்லாக் கைப்பேசிகளும் என்றோம். தந்தை பாயில் படுத்துக் காணொளி பார்த்துக்கொண்டு மகனை அதட்டினால் எடுபடாது. நம்முள் சிலரே இதில் தவறியவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். ஒற்றை அறை வீட்டில் என் செய்வது என்று ஓர் அங்கத்தினர் கேட்டார். தறிக்குழியின் ஓரத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டலாம் என்று அவர் மனைவியாரே விடை கூறினார்.

காலையில் எழுப்ப அலாரம் வேண்டும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். மேசைக் கடிகாரம் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.