நாயும் நடக்கட்டும், ஆடும் வாழட்டும்!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

மனிதன் பழக்கிய விலங்குகள் பல. மாடு உழுதது, குதிரை சுமந்தது, ஆடு பாலும் கம்பளியும் தந்தது. ஆனால் வேலை முடிந்த பின்னும் அவனோடு வெறுமனே நடந்து வந்தது நாய் ஒன்றுதான். ஆகவே, நாயோடு உலாவப் போவதற்கு ஏற்ற பாதை எது என்று ஒருவர் கேட்டால் அதைச் செல்வர்களின் பொழுதுபோக்குக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. நிலம் யாருக்குச் சொந்தம், வழி யாருக்கு உரிமை, ஒருவர் இன்பத்திற்காக மற்றொருவர் எவ்வளவு இழக்கலாம் என்ற பெரிய கேள்விகள் அந்தச் சிறிய கேள்விக்குள் அடங்கிக் கிடக்கின்றன.

இக்கேள்விகளோடு பல தலைமுறையாக மல்லாடி வரும் நிலப்பகுதி ஒன்று உண்டு. அதுதான் இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டம். நம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயிலும் நண்பர்கள் அதை வேர்ட்ஸ்வொர்த் பிறந்து வாழ்ந்த நாடாக அறிவார்கள். விலங்கியல் மாணவனாகிய எனக்கோ அது ஆடும் நாயும் ஒரே மலையைப் பங்கிட்டுக்கொள்ளும் நாடாகத் தெரிகிறது.

வழி பிறந்த கதை

அங்குள்ள மலைகள் நம் கண்ணுக்கு மிக உயரமானவை அல்ல. இங்கிலாந்திலேயே உயர்ந்த சிகரமான ஸ்காஃபெல் பைக்கின் உயரம் 978 மீட்டர்தான். மலைகளுக்கு இடையே விண்டர்மியர், அல்ஸ்வாட்டர், டெர்வென்ட்வாட்டர், பட்டர்மியர் என நீண்டு கிடக்கும் ஏரிகள். 1951இல் தேசியப் பூங்காவாகவும் 2017இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் இப்பகுதி அறிவிக்கப்பட்டது. ஆயினும் நம் நாட்டுத் தேசியப் பூங்காக்களைப் போல ஆள் குடியிருக்காத காடு அன்று அது. ஊரும் பண்ணையும் மேய்ச்சலும் நிறைந்த நிலம். அதில் பெரும்பகுதி தனியாருக்கும் அறக்கட்டளைகளுக்கும் சொந்தம். பிறர் நிலத்தின் ஊடே பொதுமக்கள் நடக்கும் உரிமைதான் அங்குள்ள பாதைகளின் உயிர்.

அந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. கெஸ்விக் நகரை ஒட்டிய லாட்ரிக் குன்றுக்குச் செல்லும் வழியை நிலவுடைமையாளர் அடைத்தபோது, 1887ஆம் ஆண்டு அக்டோபரில் ஏறத்தாழ 2000 பேர் திரண்டு அந்தக் குன்றின் மீது நடந்தே காட்டினார்கள். வழக்கு நீதிமன்றம் சென்றது. உச்சிக்குச் செல்லும் வழி மக்களுக்குக் கிடைத்தது. இத்தகைய போராட்டங்களின் தொடர்ச்சியாகவே 1949இல் தேசியப் பூங்காக்கள் சட்டமும், 2000ஆம் ஆண்டில் திறந்த மலைவெளிகளில் யாரும் நடக்கலாம் என்ற சட்டமும் வந்தன. மக்கள் வென்ற அந்த உரிமையின் நிழலில்தான் இன்று நாயும் நடக்கிறது.

நன்றியின் சின்னம்

நாய்க்கும் அந்த மலைக்கும் உள்ள உறவுக்கு ஒரு பழைய கதை சான்று. 1805ஆம் ஆண்டு ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்ற இளைஞர் தம் நாயுடன் ஹெல்வெலின் மலையைக் கடக்கப் புறப்பட்டார், திரும்பவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் ஓர் ஆட்டிடையர் நாயின் குரைப்பொலி கேட்டுச் சென்று பார்த்தபோது, அவர் உடலின் எச்சங்களருகே நாய் உயிரோடு இருந்தது. வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அதன் நன்றியைப் பாடினார்கள். 1890இல் அம்மலைமேல் நினைவுக்கல்லும் நட்டார்கள்.

நாயின் நன்றிக்குக் கல் நட்டது நன்று. அதைக் கண்டுபிடித்த ஆட்டிடையர் அந்த மலையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எத்தனை பேர் எண்ணிப் பார்த்தார்கள்? அந்த மலை அவருடைய பிழைப்பு. நாய் நடையைப் பற்றிய பேச்சுகளில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறவர் அவர்தான்.

ஆட்டின் பக்கம்

அம்மலைகளுக்கே உரிய ஆட்டினம் ஹெர்ட்விக். குளிரையும் மழையையும் தாங்கி உயர்ந்த மலையில் மேய்வது. வேலியே இல்லாத மலையில் ஒவ்வொரு மந்தையும் தன் எல்லையை விட்டு அகலாமல் மேய்கிறது. அந்த எல்லையைத் தாயிடமிருந்து குட்டி கற்றுக்கொள்கிறது. குட்டி தாயாகித் தன் குட்டிக்குக் கற்றுக் கொடுக்கிறது. 2001இல் கோமாரி நோய் பரவி மந்தை மந்தையாக ஆடுகள் கொல்லப்பட்டபோது, ஆடுகளோடு இந்த அறிவும் அழிந்துவிடுமோ என்பதே மலை விவசாயிகளின் பேரச்சமாக இருந்தது. பணம் கொடுத்து வேறு ஆடு வாங்கலாம். அந்த மலையை அறிந்த ஆட்டை வாங்க முடியாது. குழந்தைகளுக்குக் கதை எழுதிப் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் 1943இல் மறைந்தபோது தம் பண்ணைகளையும் 4000 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தையும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்கு விட்டுச் சென்றார். மலைப் பண்ணைகளில் ஹெர்ட்விக் ஆடுகளே தொடர்ந்து வளர்க்கப்பட வேண்டும் என்றும் விரும்பினார்.

இத்தகைய மந்தைக்குள் கட்டவிழ்ந்த நாய் ஒன்று பாய்ந்தால் என்ன ஆகும்? கடிக்க வேண்டும் என்பதில்லை, துரத்தினாலே போதும். வசந்த காலத்தில் சினையாடு மிரண்டு ஓடினால் கரு கலைந்துவிடலாம். பிறந்த குட்டி தாயைப் பிரிந்து பட்டினியால் சாகலாம். நாயின் சொந்தக்காரர், “எங்கள் நாய் ஒன்றும் செய்யாது; விளையாடத்தான் ஓடுகிறது” என்பார். ஆட்டிற்கு அந்த விளையாட்டு விளங்குமா?

இதை விலங்கியல் கண்கொண்டு பார்க்கலாம். நாயின் முன்னோர் ஓநாய். உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்கல், துரத்தல், கடித்தல், கொல்லுதல் என்பது அதன் வேட்டை வரிசை. அதே மலையில் மந்தையை மேய்க்கும் பார்டர் கோலி நாயும் உற்றுப் பார்க்கிறது, பதுங்குகிறது, துரத்துகிறது. பல தலைமுறைத் தேர்வாலும் பயிற்சியாலும் கடைசி இரண்டு படிகள் அதனிடம் அடக்கப்பட்டுள்ளன. நகரத்திலிருந்து வரும் செல்ல நாய்க்கு அந்தப் பயிற்சி ஏது? மேய்ப்பு நாயின் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டைச் செல்ல நாய்க்கு வெளியிலிருந்து தருவதுதான் கயிறு.

இரண்டு மீட்டர்

அங்குள்ள சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. திறந்த மலைவெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை 2 மீட்டருக்கு மிகாத கயிற்றில் பிடித்துச் செல்ல வேண்டும். கால்நடைகளின் அருகே எக்காலத்திலும் அவ்வாறே செய்ய வேண்டும். அந்த ஐந்து மாதங்கள் வானம்பாடி போன்ற பறவைகள் தரையில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் காலம். நாய் ஆடுமாடுகளைத் துன்புறுத்தினால் சொந்தக்காரர் குற்றவாளி என்கிறது 1953ஆம் ஆண்டுச் சட்டம். வேறு வழியில்லாத நிலையில் விவசாயி அந்த நாயைச் சுட நேர்ந்தால், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டம் அவருக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆகவே கயிறு ஆட்டை மட்டுமா காக்கிறது? நாயின் உயிரையும் அன்றோ காக்கிறது!

இதில் ஒரு விதிவிலக்கும் உண்டு. கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டால் சீறிப் பாயும். அப்படி மாடு துரத்தி வந்தால் கயிற்றை விட்டுவிட வேண்டும் என்பதே அங்குள்ள அறிவுரை. நாய் ஓடித் தப்பும், மனிதரும் பிழைப்பார்.

நாயின் கழிவைப் பையில் எடுத்துச் செல்வதும் வெறும் நாகரிகம் அன்று. நியோஸ்போரா என்ற ஒட்டுண்ணி நாயின் கழிவு வழியாகப் புல்லை அடைந்து, பசுக்களில் கருச்சிதைவை உண்டாக்க வல்லது. ஏரிக்கரையிலோ வேறோர் எச்சரிக்கை: கோடையில் பெருகும் நீலப்பச்சைப் பாசி நஞ்சாக மாறி நீர் குடித்த நாயைக் கொல்லக்கூடும்.

எது நல்ல பாதை?

நாய்க்கு ஏற்ற பாதை என்றால் நாயை அவிழ்த்துவிட இடமுள்ள பாதை என்று பலர் எண்ணுகின்றனர். “கட்டிப் போட்ட நாய்க்கு என்ன இன்பம்?” என்ற அவர்கள் வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. நாய்க்கு ஓட்டம் தேவை. ஆனால் அந்த ஓட்டத்திற்கு ஆடு மேயாத அடைப்புத் திடல்கள் இருக்கலாமே. பிறருடைய மந்தைதான் கிடைத்ததா?

என் கருத்து இது: ஏறித் தாண்ட முடியாத வேலிப்படிகள் இல்லாமல், வாயில் வைத்து அமைந்த பாதையே நாய்க்கு நல்ல பாதை. ஏரி மாவட்டத்தில் சக்கர நாற்காலியில் செல்வோருக்கும் கைக்குழந்தையோடு வருவோருக்கும் எனத் தேர்ந்தெடுத்த படியில்லாப் பாதைகள் பல உள்ளன. டார்ன் ஹவுஸ் என்ற சிறு ஏரியைச் சுற்றி வரும், 3 கிலோமீட்டருக்கும் குறைவான பாதை அவற்றுள் ஒன்று. மெலிந்தவருக்காக அமைத்த வழியே நாய்க்கும் நல்ல வழியாகிவிட்டது. ஆடுமாடு எங்கே மேய்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லும் அறிவிப்பும் வேண்டும். அழகைச் சொல்லி ஆட்டைச் சொல்லாத வழிகாட்டி பாதி வழிகாட்டிதான்.

ஆடு வளர்க்கும் வீட்டில் பிறந்தவன் நான். இரண்டு கிடாக்களை விற்ற பணத்தில்தான் கல்லூரியில் சேர்ந்தேன். ஓர் ஆடு செத்தால் இழப்பு எத்தனை ரூபாய் என்பதோடு கணக்கு முடிவதில்லை என்பதை அறிவேன். ஆகவேதான் கடல் கடந்த மலையிலும் என் மனம் முதலில் ஆட்டின் பக்கம் நிற்கிறது. அதனால் நாய்க்கு நான் பகைவன் அல்லன். எங்கள் பட்டிக்கும் காவல் நாய்தான்.

அன்பர்களே! உரிமை என்பது வழியைத் திறக்கிறது. பொறுப்பு என்பதே அவ்வழியை மூடாமல் காக்கிறது. 1887இல் 2000 பேர் நடந்து திறந்த வழியை, கயிறு பிடிக்க மறுக்கும் சிலர் மீண்டும் அடைபடச் செய்துவிடக் கூடாது. நாயை நேசிப்பவர் இரண்டு மீட்டர் கயிற்றைச் சுமையாகக் கருத மாட்டார். அந்தக் கயிற்றின் நீளத்திற்குள் நாயும் நடக்கட்டும். அதற்கு அப்பால் ஆடும் அச்சமின்றி மேயட்டும்!