ஒற்றை அடுப்பில் கின்காலி

பொத்தேரியிலிருந்து சிங்கப்பெருமாள் கோவில் வரை ஜி.எஸ்.டி. சாலையோரம், பொழுது சாய்ந்தால் ஆவி பறக்கும் அலுமினிய அடுக்குகளுக்குக் குறைவில்லை. காட்டாங்குளத்தூரில் படிக்கும் மாணவர்களும், ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் தொழிலாளர்களும் ஒரு தட்டு மோமோ வாங்கி, காரச் சட்னியில் தோய்த்து, நின்றபடியே தின்றுவிட்டுப் போகிறார்கள். வடகிழக்கிலிருந்தும் நேபாளத்திலிருந்தும் பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த பண்டம் இன்று உள்ளூர்க்காரர்களுக்கும் சாயங்காலத் தீனியாகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மாவுக்குள் எதையாவது வைத்து மூடி வேகவைப்பது என்ற சாதாரண வேலையை நாம் ஏன் கடைக்கு விட்டுவிட்டோம்? கடைக்கு விடாவிட்டால் விநாயகர் சதுர்த்திக்கு ஒதுக்கிவிடுகிறோம். மறைமலை நகர், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து வாடகை அறைகளில் குடியிருப்பவர்களின் வாரநாள் இரவுக்கு, பூரணம் வைத்த பண்டம்போலத் தோதான சாப்பாடு வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. இதற்குச் சாட்சியாக, இந்த ஊருக்குச் சம்பந்தமே இல்லாததுபோலத் தோன்றும் இரண்டு சமையலறைகளைக் காட்டலாம். ஒன்று காக்கசஸ் மலைநாடான ஜார்ஜியாவினுடையது. மற்றது யூதர்களுடையது.

முதலில் நம் அறைகளின் நிலவரம். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் வந்தது. பின்னாலேயே பாரத்பென்ஸ், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஆலைகள் வந்த வேகத்தில் வீடுகள் வரவில்லை. இருந்த வீடுகளைத் தடுத்து அறைகளாக்கினார்கள். மாடிமேல் மாடி கட்டினார்கள். ஒரு அறைக்கு மூன்று பேர், நான்கு பேர். மூலையில் ஒற்றை அடுப்பு அல்லது ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு குக்கர், ஒரு வாணலி. மிக்சி இருந்தால் அது ஆடம்பரம். சோறு, குழம்பு, பொரியல் என்ற நம் வழக்கமான சாப்பாட்டுக்கு இந்த அடுப்பு ஒத்துவராது. ஒன்று இறங்கி மற்றது ஏறுவதற்குள் பத்து மணி ஆகிவிடும். கடைசியில் ஜெயிப்பது பரோட்டா பார்சல்தான். பிறர் சமைத்ததையே நம்பியிருப்பதில் இருக்கும் ஆபத்தையும் இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. 2021 டிசம்பரில் மின்னணு ஆலைப் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் சாப்பாடு நஞ்சாகி, 150க்கும் மேற்பட்டவர்கள் மருத்துவமனைக்குப் போனார்கள். அவர்களுடைய தோழிகள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் மறியலில் உட்கார்ந்தார்கள். தன் கையால் சமைத்துக்கொள்ள வழியிருப்பது ருசிக்காக மட்டும் கேட்கிற விஷயமல்ல.

இனி கின்காலி. ஜார்ஜியாவின் வடகிழக்கு மலைப்பகுதிகளான ப்ஷாவி, மித்யுலேத்தி, கெவ்சுரேத்தி ஆகியவற்றில் பிறந்தது. ஆடு மாடு மேய்ப்பவர்களின் நாடு அது. ஓவனும் இல்லை, பல பாத்திரமும் இல்லை. மாவு, உப்பு, தண்ணீர் மூன்றையும் சப்பாத்தி மாவைவிடக் கெட்டியாகப் பிசைந்து, ஈரத்துணி போட்டு அரைமணி நேரம் மூடி வைக்கிறார்கள். மலைக்காரர்களின் பூரணத்தில் கைமா, வெங்காயம், மிளகாய், உப்பு, சீரகம், இவ்வளவுதான். நகரத்தார் கொத்தமல்லித்தழையும் சேர்ப்பார்கள். நம் மளிகைப் பட்டியலில் இல்லாத சாமான் ஒன்றாவது உண்டா? சூட்சுமம் ஒன்றுதான்: பச்சைக் கைமாவில் தண்ணீர் விட்டுப் பிசைவது. அரைக் கிலோவுக்கு முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசைந்தால் கறி அதை உறிஞ்சிக்கொள்ளும். வேகும்போது அதுவே உள்ளே ரசமாகிவிடும். உள்ளங்கை அளவு வட்டத்தின் நடுவில் பூரணத்தை வைத்து, புடவைக்குக் கொசுவம் வைப்பதுபோல ஓரத்தைச் சுற்றி மடித்துக்கொண்டே வந்து, உச்சியில் திருகி ஒரு கொண்டை விட வேண்டும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் போட்டு, அடிப்பிடிக்காமல் ஒருமுறை கிளறிவிட்டால், எட்டுப் பத்து நிமிடத்தில் மேலே மிதந்து வெந்துவிடும். ஜல்லிக்கரண்டியால் எடுத்து மிளகுத்தூள் தூவினால் சாப்பாடு தயார். கொண்டையைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் சிறிதாகக் கடித்து, ரசத்தை உறிஞ்சிவிட்டுத்தான் மற்றதைத் தின்பது அங்கே முறை. முள்கரண்டியால் குத்தினால் ரசம் தட்டில் போய்விடும்; பக்கத்தில் இருக்கும் ஜார்ஜியர் முகம் சுளிப்பார். வேகாத கொண்டைகளைத் தட்டிலேயே விட்டுவிடுவார்கள், யார் எத்தனை தின்றார் என்ற கணக்கும் தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் ஒரு அடுப்பு, ஒரு பாத்திரம். தொட்டுக்கொள்ளக்கூட எதுவும் வேண்டாம்.

கச்சபூரி இதைவிடச் சுலபம். படகு வடிவத்தில், நடுவில் முட்டை உடைத்து ஊற்றிய அட்ஜாரா வகையைப் படத்தில் பார்த்துவிட்டு, ஓவன் இல்லாமல் முடியாது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அன்றாட வீடுகளில் செய்யப்படும் இமெரேத்தி வகை வட்ட அடைதான். தயிர் விட்டுப் பிசைந்த மாவின் நடுவில் சீஸை வைத்து, போளிக்கு மூடுவதுபோல மூடித் தட்டி, வாணலியிலேயே இருபுறமும் சுட்டெடுக்கலாம். தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சுட்டால் குறை ஒன்றும் வராது. அவர்களுடைய சீஸ் இங்கே கிடைக்காது என்பது உண்மை. உதிர்த்த பன்னீரும் மொசரெல்லாவும் பாதிக்குப் பாதி, கூடக் கொஞ்சம் உப்பு என்று வைத்தால் அந்த ருசிக்கு அருகில் போய்விடலாம். சீஸுக்குப் பதில் வேகவைத்து மசித்த ராஜ்மாவை வைத்தால் அது லோபியானி. நம் ஊர்க் காராமணியும் மொச்சையும் அந்த இடத்தில் தாராளமாக உட்காரும். இந்தக் கச்சபூரி அங்கே எவ்வளவு அன்றாடமானது என்பதற்கு ஒரு நல்ல ஆதாரம் உண்டு. திபிலீசி அரசுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொருளாதாரப் பள்ளி, 'கச்சபூரி குறியீடு' என்ற ஒன்றைக் கணக்கிட்டு வெளியிட்டுவருகிறது. மாவு, சீஸ், முட்டை, வெண்ணெய், அடுப்பு எரிக்கும் செலவு எல்லாம் சேர்த்து, வீட்டில் ஒரு கச்சபூரி செய்ய என்ன ஆகிறது என்பதைக் கொண்டு விலைவாசியை அளக்கிறார்கள். ஓட்டலில் மட்டும் தின்கிற பண்டத்தை வைத்து யாரும் நாட்டின் விலைவாசியை அளக்கமாட்டார்கள். மருத்துவம் படிக்க ஜார்ஜியா போகும் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள், தமிழ்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஆகவே இந்தப் பெயர்கள் தமிழ்க் குடும்பங்களுக்கு இனி அவ்வளவு அந்நியமும் அல்ல.

யூதச் சமையலறை கற்றுத்தருவது வேறொரு சிக்கனம். கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் கிரெப்லாக் முட்டை சேர்த்துப் பிசைந்த மாவைச் சதுரமாக வெட்டி, பூரணம் வைத்து முக்கோணமாக மடித்து, வேகவைத்துச் சூப்பில் மிதக்கவிடுவது. யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தைய சாப்பாட்டிலும் பூரிம் பண்டிகையிலும் அதற்கு இடமுண்டு. பண்டிகைப் பண்டம்தானே என்று தள்ளிவிடக் கூடாது. உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். சூப்புக்காக வேகவைத்த கறியின் மிச்சத்தை வதக்கிய வெங்காயத்தோடு கொத்தி வைப்பதுதான் அதன் பழைய முறை. நாலு பேருக்குப் போதாத கறியை எட்டுப் பேருக்குப் போதும்படி ஆக்குகிற வித்தை அது. கறியே இல்லாத நாளில் உருளைக்கிழங்கு. இந்தியாவில் குடியேறிய யூதர்களும் இந்தப் பழக்கத்தை விடவில்லை. கிடைத்ததை உள்ளே வைத்தார்கள். கறியோடு பால்பொருள் சேரக் கூடாது என்பது அவர்களுடைய விதி. கொங்கண் கரையின் பெனே இஸ்ரேல் யூதர்கள் பாலுக்குப் பதில் தேங்காய்ப்பாலை எடுத்துக்கொண்டார்கள், பூரிமுக்குப் பூரண் போளி சுட்டார்கள். கொல்கத்தா நியூ மார்க்கெட்டில், 1902இல் தொடங்கப்பட்ட நஹூம் பேக்கரியில் பாக்தாத் யூதர்களின் சீஸ் சமோசா பேர்போனது. ஜார்ஜியாவிலும் 2,600 ஆண்டு வரலாறு சொல்லும் யூத சமூகம் ஒன்று உண்டு. அவர்கள் எழுபதுகளில் இஸ்ரேலுக்குப் பெருவாரியாகப் போனபோது கச்சபூரியும் கூடவே போனது. ஊர்விட்டு ஊர் போகிறவர்களோடு பூரணப் பண்டம் சுலபமாகப் பயணிக்கிறது. உறை எங்கேயும் கிடைக்கும் மாவு. பூரணம் அந்தந்த ஊரில் மலிவாகக் கிடைப்பது. மறைமலை நகரில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்களில் பெரும்பாலோரும் அப்படி ஊர்விட்டு வந்தவர்கள்தானே?

நமக்குத்தான் கொழுக்கட்டை இருக்கிறதே, கின்காலி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மதுரைக்காஞ்சியில், உள்ளே பூரணம் வைத்த மோதகம் விற்பவர்கள் இரவில் கடைத்தெருவிலேயே கண்ணயரும் காட்சி வருகிறது. இந்த விஷயத்தில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் அல்ல. ஆனால் கொழுக்கட்டை கைப்பழக்கம் கேட்கும். அரிசி மாவில் இழுவை கிடையாது. கொதிநீர் விட்டுக் கிளறி, சூடு ஆறுவதற்குள் எண்ணெய் தொட்டுச் சொப்பு செய்ய வேண்டும். பதம் ஒரு இம்மி தப்பினாலும் வெடித்துவிடும். கோதுமை மாவு புதியவர்களை மன்னிக்கும். பச்சைத் தண்ணீரில் பிசைந்தாலே இழுத்த இழுப்புக்கு வரும், கிழிந்தாலும் ஒட்டிக்கொள்ளும். முதல்முறை அடுப்பங்கரைக்குள் நுழையும் இருபத்திரண்டு வயதுப் பையனிடம் கொழுக்கட்டை செய் என்றால் அவன் பரோட்டாக் கடைக்குத்தான் போவான். கின்காலியில் கை பழகினால், பிறகு கொழுக்கட்டைக்கும் வருவான்.

நேரம் பற்றிய எதிர்ப்பு இதைவிடக் கனமானது. எட்டு மணிநேரம் லைனில் நின்றுவிட்டு வருகிறவர் கொசுவம் வைத்துக்கொண்டிருக்க முடியுமா? ஆலையில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் சட்டத்திருத்தம் 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறி, எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதை இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. சமைக்க நேரம் இருக்கிறதா என்பது சமையல் குறிப்புகள் தீர்க்கும் பிரச்சினையல்ல, அது வேலைநேரப் பிரச்சினை. அதற்கு உட்பட்டுத்தான் நான் பேசுகிறேன். மேலும், தனி ஆள் நாற்பது கின்காலி மடிப்பது தண்டனைதான். நாலு பேர் உட்கார்ந்தால் ஆளுக்குப் பத்து, கால் மணிநேர வேலை. ஒருவர் தேய்க்க, ஒருவர் பூரணம் வைக்க, இருவர் மடிக்க என்று பிரித்துக்கொள்வதை லைனில் வேலை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. குடும்பமாக இருப்பவர்கள் வீட்டில் வேறொரு அநியாயம் உண்டு. ஜார்ஜிய விருந்தில் ஆண்கள் கோப்பையை உயர்த்திப் பேசிக்கொண்டிருக்க, பெண்கள் அடுப்படியில் நிற்பதுதான் பழைய வழக்கம். நம் பண்டிகைக் கொழுக்கட்டைக்கும் அதே கதி. வேலைக்குப் போய்வரும் மனைவியின் தலையில் இன்னொரு பலகாரத்தைக் கட்டுவதற்கு இந்தக் கட்டுரையை யாரும் ஆதாரமாகக் காட்ட வேண்டாம். ஆண் கை மாவில் படாத வீட்டில் இதைத் தொடங்காமல் இருப்பதே மேல்.

இந்த உறைக்கு மைதாதானே, அது ஆகாது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று 2023இல் ஐ.சி.எம்.ஆர். ஆய்வு சொன்ன பிறகு அந்தப் பேச்சை ஒதுக்க முடியாது. பாதிக்குப் பாதி கோதுமை மாவு கலக்கலாம், முழுக்கவே கோதுமையிலும் செய்யலாம்; உறை கொஞ்சம் முரடாக இருக்கும், அவ்வளவுதான். எண்ணெயில் வாட்டிய மூன்று பரோட்டாவோடு ஒப்பிட்டால், தண்ணீரில் வெந்த மெல்லிய உறையும் உள்ளே கறியோ பயறோ இருப்பதும் எந்தக் கணக்கிலும் தேவலை. சைவர்கள் கவலைப்பட வேண்டாம். ஜார்ஜியக் கிறிஸ்தவர்கள் கறியும் பாலும் விலக்கும் நோன்புநாட்கள் ஏராளம். உருளைக்கிழங்கு, காளான் கின்காலியும் லோபியானியும் அந்த நாட்களுக்குக் கைகொடுப்பவை. புலால் மறுத்த மறைமலையடிகளின் பெயர்தாங்கிய ஊரில் இதையும் சொல்லிவைப்பது நல்லது. மோமோ வண்டிக்காரர்களின் பிழைப்பு கெடுமா என்றால், கெடாது. வீட்டில் தோசை சுடுகிறோம் என்பதற்காக எந்த ஓட்டலும் மூடப்படவில்லை.

அறைக்காரர்களுக்கு இவ்வளவு சொல்லலாம். ஆனால் அடுப்பே அனுமதிக்கப்படாத விடுதிகளில் இருப்பவர்களுக்கு இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் ரூ.706.50 கோடியில் 18,720 படுக்கைகளோடு பெண் தொழிலாளர் குடியிருப்பைத் தமிழக அரசு திறந்தது. தொழிலாளர் தங்குமிட விஷயத்தில் நடந்த பெரிய காரியம் அது. இனிமேல் கட்டப்போகும் விடுதிகளில், சாப்பாட்டுக் கூடத்தோடு கூட, தளத்துக்கு ஒரு சின்னப் பொதுச் சமையலறையும் வேண்டும். நாலு இண்டக்‌ஷன் அடுப்பு, நாலு அகலப் பாத்திரம், மாவு தேய்க்க ஒரு நீளமேசை, ஒரு பிரீசர். தீப்பிடிக்கும் என்ற அச்சத்துக்கு இண்டக்‌ஷன் பதில் சொல்லும். துப்புரவுக்கு முறை வைத்துக்கொள்ளலாம். ஆலைக்காரர்களும், தொழிற்பேட்டைகளை நடத்தும் அரசின் சிப்காட்டும் வரைபடத்திலேயே இதற்கு இடம் ஒதுக்கிவிட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்த மேசையைச் சுற்றி உட்காரும் ஒடிசாப் பெண்ணும் தர்மபுரிப் பெண்ணும் உள்ளே என்ன பூரணம் வைப்பது என்பதை அவர்களே பேசி முடிவுசெய்துகொள்வார்கள்.