சொல்லாமற் சொல்லிய சாக்காடு

எளிய சொற்களாலாய பாட்டில் இலக்கியநயம் இராது என்னும் எண்ணம் கற்றோர் சிலரிடை உளது. விலைக்கு விற்கும் இசைத்தட்டுப் பாட்டெனின் அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறும். அது பொருந்தாதென்பதற்கு, அமெரிக்காவில் 'கண்ட்ரி' என வழங்கும் இசைவகையிலிருந்து ஒரு பாட்டைச் சான்று காட்ட விழைகின்றேன்.

பொபி பிராடொக், கேர்ளி புட்மன் என்னும் இருவர் இயற்ற, ஜோர்ஜ் ஜோன்ஸ் பாடி 1980 இல் வெளிவந்தது அப்பாட்டு. 'அவளைக் காதலித்தலை அவன் இன்று ஒழிந்தான்' என்பது அதன் பெயரின் பொருள். உயிருள்ளவரை காதல் மாறேன் எனச் சூளுரைத்த ஒருவனின் கதை அது. பிரிந்து போனவளின் படத்தையும் பழைய கடிதங்களையும் அவன் நெடுங்காலம் பேணிய செய்தியை நண்பனொருவன் கூறுகின்றான்.

அவன் இறந்தான் என்று நண்பன் யாண்டும் நேரே கூறுகின்றிலன். காதல் ஒழிந்தது என்றே கூறுகின்றான். தொடக்கத்திற் கேட்ட சூளுரையை நினைவுகூர்ந்து, ஒழிந்தது உயிரே என நாமே உணர்கின்றோம். வெளிப்படை, குறிப்பு என நம் இலக்கணநூலார் வகுத்தவற்றுட் குறிப்பின் ஆற்றல் இது. உணரும் வேலையைக் கேட்போனிடம் விட்டமையின் துயரும் அவனுடையதாகின்றது.

இவ்வெளிமை எளிதில் வந்ததன்று. இசைத்தட்டுத் தயாரிப்பாளர் பில்லி ஷெரில் பாட்டைப் பன்முறை திருத்தி எழுதுவித்தார். இறந்தவனைக் காண அவள் வரும் பகுதியும் அவர் வேண்டுகோளால் அமைந்ததே. ஜோன்ஸோ, துயர் மிக்க இதனை வாங்குவார் இலர் எனக் கருதினார். எனினும் கண்ட்ரி இசைச் சங்கம் 1980, 1981 ஆகிய ஈராண்டும் இதனையே சிறந்த பாட்டெனத் தெரிந்தது. 2013 இல் ஜோன்ஸ் மறைந்தபோது, நாஷ்வில் நகரில் நடந்த இறுதிச் சடங்கில் அலன் ஜாக்சன் இதனையே பாடினார்.

ஒருத்தியை எண்ணியே வாழ்வை வறிதாக்கிய ஒருவனைப் போற்றுதல் தகுமோ என ஒரு சாரார் வினவுவர். தக்க வினாவே. ஆயின் பாட்டு அவனைப் புகழவுமில்லை, இகழவுமில்லை. நிகழ்ந்ததைக் கூறி அமைகின்றது. தீர்ப்புக் கூறாமையும் புலமையின் ஒரு கூறே.

அருஞ்சொற்பொருள் உரைத்தலோடு பாடம் முடிந்ததென அமையும் ஆசிரியர்க்கு இப்பாட்டில் வேலையில்லை. இதில் அருஞ்சொல் ஒன்றேனும் இன்று. 'இங்கே சொல்லாது விட்டது யாது?' என்று மாணவரை வினவும் ஆசிரியர்க்கோ ஒரு பாடவேளை போதாது. அவ்வினாவை நம் வகுப்பறைகள் மறவாதிருத்தல் வேண்டும் என்பதே என் விருப்பம்.