வாகனமும் நாமும்: விளக்கு எரிந்தவுடன் சென்சாரை மாற்றலாமா?

சென்ற இதழில் டயர்களின் பராமரிப்பைக் குறித்து எழுதியிருந்தோம். அதனைப் படித்த அன்பர் ஒருவர் புனேயிலிருந்து கடிதம் விடுத்துள்ளார். பொங்கலுக்குக் குடும்பத்துடன் காரிலேயே திருநெல்வேலி செல்ல எண்ணியிருக்கிறாராம். ஆனால் காரில் மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறது. சாவியைத் திருப்பியவுடனேயே ரேடியேட்டர் விசிறி ஓயாமல் சுழல்கிறது. பெட்ரோலும் மிகுதியாகச் செலவாகிறது. பட்டறையில் ஸ்கேனரை மாட்டிப் பார்த்து, எஞ்சினின் வெப்பத்தை அறியும் சென்சார் கெட்டுவிட்டது என்று புதியதைப் பொருத்தினார்கள். மூன்றாம் நாளே விளக்கு மீண்டும் எரிந்தது. இரண்டாவது சென்சாரும் வந்தது, விளக்கு அணைந்தபாடில்லை. இப்பொழுது எஞ்சின் கணினியையே மாற்ற வேண்டும் என்கிறார்களாம். “என் செய்வது?” என்று வினவுகிறார்.

கணினியை மாற்ற இசையுமுன் சற்றுப் பொறுக்குமாறு அன்பரை வேண்டுகிறோம். இத்தகைய சங்கடம் அவர் ஒருவருக்கே உரியதன்று. ஆகையால் அனைவருக்கும் பயன்படுமாறு விடையளிக்கிறோம்.

ஸ்கேனர் காட்டும் குறியீட்டின் பொருளை முதலில் அறிதல் வேண்டும். வெப்பச் சென்சாரைப் பற்றிய குறியீடுகளுள் ஒன்று பி 0118. ‘இச்சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது’ என்பதே அதன் பொருள். சென்சார் பழுது என்று அது கூறுவதில்லை. சுற்று என்பது சென்சார், இரண்டு கம்பிகள், அவற்றை இணைக்கும் கனெக்டர், மறுமுனையிலுள்ள கணினி ஆகிய யாவும் சேர்ந்ததாகும். ஊரிலிருந்து கடிதம் வரவில்லையெனில், எழுதுபவருக்கு உடல் நலமில்லை என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோமா? தபால் வழியில் தவறியிருக்கவும் கூடுமன்றோ!

இச்சென்சார், சூடு ஏற ஏற மின்தடை குறையும் ஒரு சிறு பொருளே. கணினி 5 வோல்ட் அனுப்பி, திரும்பக் காணும் அழுத்தத்தைக் கொண்டு வெப்பத்தைக் கணக்கிடுகிறது. கம்பி அறுந்துவிட்டால் 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். எஞ்சின் பனிக்கட்டியினும் குளிர்ந்து கிடப்பதாக அது தோற்றமளிக்கும். அதனை நம்பாத கணினி, எஞ்சினைக் காப்பாற்றும் பொருட்டு விசிறியை ஓயாது சுழற்றும். புனே அன்பர் கண்டது இதுவே.

பரிசோதனைக்கு ஒரு சாதாரண மல்ட்டிமீட்டர் போதும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்பொழுது செய்க. முதலாவது, கனெக்டரைக் கழற்றிச் சென்சாரின் தடையை அளக்க. 20 டிகிரி வெப்பத்தில் பெரும்பாலான கார்களில் அது 2,000 முதல் 3,000 ஓம் வரை இருக்கும். அவ்வாறு இருப்பின் சென்சார் நலமே. இரண்டாவது, சாவியைத் திருப்பி, கனெக்டரின் கம்பிப் பக்கத்து இரு முனைகளுக்கிடையே அளக்க. ஏறத்தாழ 5 வோல்ட் காட்ட வேண்டும். காட்டாவிடில், ஒவ்வொரு முனையையும் பாட்டரியின் எதிர்முனையோடு ஒப்பிட்டு அளக்க. ஒன்றில் 5 வோல்ட் தென்பட்டால், அறுந்தது மற்றொரு கம்பி. எதிலுமே தென்படாவிடில், அழுத்தத்தைக் கொண்டுவரும் கம்பியையே ஐயுறுதல் வேண்டும். மூன்றாவது, அளவு சரியாகவே இருப்பின், மீட்டரைப் பார்த்தவாறே கம்பிக்கட்டினை மெல்ல அசைக்க. எண் தாவுமிடத்தில் குற்றவாளி பிடிபடுவான்.

குற்றவாளிகள் பெரும்பாலும் மூவர். நீர் புகுந்து கனெக்டரில் ஏறும் பச்சைக் களிம்பு ஒன்று. மும்பை, கொச்சி போன்ற கடலோர நகரங்களில் இது மிகுதி. சூடான பாகங்களின்மேல் உரசித் தேயும் உறை மற்றொன்று. மூன்றாவது எலி. விநாயகப் பெருமானின் வாகனம் நம் வாகனத்தின்மீது கொள்ளும் பிரியம் மழைக்காலத்தில் எல்லை கடந்துவிடுகிறது!

பழுது நீக்கும் முறையிலும் கவனம் வேண்டும். சாவியை நிறுத்தி, பாட்டரியின் எதிர்முனையைக் கழற்றிய பின்னரே கம்பியில் கை வைக்க. கெட்ட பகுதியை வெட்டியெறிந்து, அதே பருமனுள்ள கம்பியை ஈயப் பற்று வைத்து இணைத்து, சூட்டில் சுருங்கும் குழாயால் மூடுக. வெறுமே முறுக்கி டேப் சுற்றும் வைத்தியம் அடுத்த மழை வரைதான். களிம்பு மட்டும் ஏறியிருப்பின், மின்தொடர்புகளுக்குரிய துப்புரவுத் திரவமே போதும். பின்னர் குறியீட்டை அழித்து, எஞ்சின் சூடேறி ஆறுமாறு சில நாட்கள் ஓட்டிப் பார்க்க.

சில எச்சரிக்கைகள். மஞ்சள் நிறக் கனெக்டர்கள் ஏர்பேக்கைச் சேர்ந்தவை. ஆரஞ்சு நிறக் கம்பிகள் மின்சார, ஹைபிரிட் கார்களில் உயர் அழுத்தம் பாய்பவை. இவற்றைத் தொடவே வேண்டாம். உத்தரவாதக் காலம் முடியாத காரில் கம்பியை வெட்டவும் வேண்டாம். எஞ்சின் சுழற்சியை அறியும் கிராங்க் சென்சாரின் கம்பியில் பழுதெனில் பயணத்தையே ஒத்திவைக்க. நெடுஞ்சாலை நடுவே எஞ்சின் நின்றுவிடக்கூடும்.

தாமே செய்ய இயலாதவர்கள் பட்டறையில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும்: “பெஹலே வயரிங் செக் கீஜியே.” முதலில் கம்பியைப் பாருங்கள் என்பது பொருள். மொழி தெரியாத ஊரில் தயங்கி நின்று, சொன்ன தொகையைக் கொடுத்து வரும் நம்மவர் பலர். பணம் நம்முடையது, கேட்கும் உரிமையும் நம்முடையதே. மாற்றிய பழைய சென்சாரையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்க. தடை சரியாக இருப்பின் அது இன்னும் உழைக்கும்.

புனே அன்பரின் குடும்பம் நலமே ஊர் சென்று பொங்கலிட்டுத் திரும்ப வாழ்த்துகிறோம். அடுத்த இதழில் பாட்டரியைப் பற்றிக் காண்போம்.