இருபத்தோராம் நாள் ஊசி

தொண்டை வலி, காய்ச்சல் என்று பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மெடிக்கல் ஷாப்புக்குப் போனால், டாக்டர் சீட்டு இருக்கிறதா என்றுகூடக் கேட்காமல் அசித்ரோமைசின் அட்டை ஒன்றை எடுத்துக் கொடுப்பது நம் நகரங்களில் சாதாரணமாகிவிட்டது. பெங்களூரு ஈஜிபுராவின் நெருக்கமான குறுக்குத் தெருக்களும் இதற்கு விலக்கல்ல. 2019-ல் இந்தியத் தனியார் மருந்துச் சந்தையில் அதிகம் செலவான ஆன்டிபயாடிக் எது என்று ஆய்வாளர்கள் கணக்கெடுத்தபோது முதலில் வந்தது இந்த 500 மில்லிகிராம் மாத்திரைதான். மூன்று நாளில் காய்ச்சல் இறங்குகிறது, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, விஷயம் அத்தோடு மறந்துபோகிறது. தொண்டை வலிகளில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. மாத்திரை போடாவிட்டாலும் அவை தானாகவே சரியாகியிருக்கும். மிச்சத்தில் ஒரு பங்குக்குக் காரணம் ‘ஏ’ பிரிவு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா. அதை அடையாளம் கண்டு முறையாக வைத்தியம் பார்க்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு அதன் பலனை இதயம் அனுபவிக்கிறது.

தொண்டை ஆறி இரண்டு மூன்று வாரம் ஆனபின் முழங்கால் வீங்கும். அது வற்றும்போது கணுக்கால், பிறகு முழங்கை. விளையாடும்போது எங்கோ இடித்துக்கொண்டான் என்று நினைத்து வீட்டில் தைலம் தேய்ப்பார்கள். கிருமியின் புரதமும் இதயத் திசுவின் புரதமும் சாயலில் ஒத்திருப்பதால், கிருமியைத் தாக்க உடல் கிளப்பிய படை ஆள் மாறி இதய வால்வையும் தாக்குகிறது. மூட்டுகள் முழுதாகத் தேறிவிடும். வால்வில் விழுந்த வடு போகாது. தொற்று திரும்பத் திரும்ப வந்து இந்த ருமாட்டிக் காய்ச்சல் மீண்டும் தாக்கும்போதெல்லாம் அந்த வடு தடித்துக்கொண்டே போகும். 5 முதல் 15 வயதுக்குள் ஓசையில்லாமல் தொடங்கியது, பல பெண்களுக்கு முதல் கர்ப்பத்தின்போதுதான் மூச்சுத்திணறலாக வெளியே தெரிகிறது. இதுதான் ருமாட்டிக் இதய நோய். 2015-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகில் இந்த நோயுள்ளவர்கள் சுமார் 3 கோடியே 30 லட்சம் பேர். அந்த ஓராண்டில் இறந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். நோயாளிகள் மிக அதிகமாக இருக்கும் நாடு இந்தியா.

இந்த நோயை வறுமையோடு சேர்த்து வைத்துப் பார்க்க நமக்குக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் டாக்டர் எஸ். பத்மாவதி. 1917-ல் பர்மாவில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, ரங்கூனில் மருத்துவம் படித்து, 1942-ல் ஜப்பானியப் படை நுழைந்தபோது தாயோடும் சகோதரிகளோடும் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். பின்பு இங்கிலாந்திலும், அமெரிக்காவில் ஹெலன் டாசிக், பால் டட்லி ஒயிட் ஆகியோரிடமும் இதய மருத்துவம் பயின்று, 1953-ல் டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே அவர் முன்னால் வந்து நின்ற இதய நோயாளிகளில் பலரை மேல்நாட்டுப் பாடப்புத்தகம் பின்வரிசையில் வைத்திருந்தது. ருமாட்டிக் காய்ச்சலில் வால்வு சுருங்கிய இளம்பெண்கள் வந்தார்கள். அடுப்புப் புகையும் அடிக்கடி வரும் மார்புத் தொற்றும் நுரையீரலைக் கெடுத்து, அதன்வழியே வலப்பக்க இதயமும் தளர்ந்துபோன பெண்கள் வந்தார்கள். புகையிலையைத் தொடாத பெண்களுக்கும் ஏன் இந்த நோய் என்ற கேள்வியை வைத்து அவர் 1959-ல் வெளியிட்ட ஆய்வை இன்று படித்தாலும் அதன் பார்வை புதிதாக இருக்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் நோயாளிகளைப் பார்த்த அவரை, 2020 ஆகஸ்டில் 103-ஆம் வயதில் கொரோனா கொண்டுபோனது. அவருடைய ஆய்வு வாழ்க்கையிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: ஏழைகளின் இதய நோயில் பெரும்பங்கு தொற்றிலிருந்து தொடங்குகிறது. அதைத் தடுக்கும் மருந்தும் பல பத்தாண்டுகளாக நம் கையில் இருக்கிறது. அதை விடாமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடுதான் இல்லை.

தொற்று இதயத்தைக் கெடுக்கும் என்றால் ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுத்துவிடலாமே என்று தோன்றும். மருத்துவ உலகத்துக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. 1988-ல் ஃபின்லாந்தின் சைக்குவும் சகாக்களும், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் கிளமிடியா நிமோனியே என்ற கிருமிக்கு எதிரான எதிர்ப்புப் புரதங்கள் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். வயிற்றுப்புண்ணுக்குக் கிருமிதான் காரணம் என்று தெரியவந்திருந்த காலம் அது. மாரடைப்பும் அப்படி ஒரு கிருமியின் வேலையாக இருந்தால் ஒரு மாத்திரையில் தீர்த்துவிடலாம் என்ற நம்பிக்கை பெருகியது. 2005-ல் வெளிவந்த சோதனை ஒன்றில் 4,012 இதய நோயாளிகளில் பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக ஒரு வருடம் அசித்ரோமைசின் கொடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்போ மரணமோ குறையவில்லை. டென்மார்க்கில் 4,373 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இரண்டே வாரம் கிளாரித்ரோமைசின் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2006-ல் வந்தது. மருந்து சாப்பிட்டவர்களிடையே மரணம் கூடியிருந்தது. அதைக் கணக்கில் கொண்டு 2018-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதய நோயாளிகளுக்கு எச்சரிக்கை விடுத்தது. தொற்றுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. ஃப்ளூ உறுதியான ஏழு நாட்களுக்குள் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஆறு மடங்கு என்று 2018-ல் கனடா ஆய்வு காட்டியிருக்கிறது. ஆனால் ஃப்ளூ வைரஸ், அதற்குத் தடுப்பூசிதான் வழி. எந்தக் கிருமி, எந்தக் கட்டம், எந்த மருந்து என்று பார்க்காமல் கொடுக்கும் ஆன்டிபயாடிக் இதயத்தைக் காப்பதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கு நேர் எதிரான கதை பென்சிலினுடையது. அமெரிக்க விமானப்படை முகாமொன்றில் தொண்டைத் தொற்று வந்த வீரர்களுக்கு பென்சிலின் போட்டால் ருமாட்டிக் காய்ச்சல் பெரும்பாலும் வராமலே தடுக்கலாம் என்று 1950-லேயே காட்டிவிட்டார்கள். ஒருமுறை வந்தவர்களுக்கு அது திரும்பாமல் காப்பது பென்சாத்தீன் பென்சிலின். நம் நாட்டில் வழக்கமாக 21 நாளைக்கு ஒரு ஊசி. அந்த மருந்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெள்ளைத் தூளில் நீர் விட்டுக் குலுக்கினால் சுண்ணாம்புப் பால்போல ஆகும். மெல்லிய ஊசியில் அடைத்துக்கொள்ளும். தடித்த ஊசியை மாட்டி மெதுவாக ஏற்ற வேண்டும். போட்ட பிள்ளை ஒரு நாளாவது நொண்டும். ஆனால் அந்தக் கெட்டித்தன்மைதான் மருந்தைத் தசைக்குள் தங்கவைத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடுகிறது. உகாண்டாவில், வெளியே அறிகுறி தெரியாமல் எக்கோ எனும் இதய ஸ்கேனில் மட்டும் வால்வுக் கோளாறு தெரிந்த 818 பிள்ளைகளை வைத்து நடந்த சோதனையில், இரண்டு வருடம் ஊசி போட்டவர்களில் நோய் முற்றியது 0.8 சதவீதம், போடாதவர்களில் 8.2 சதவீதம். பத்தில் ஒரு பங்காகக் குறைத்திருக்கிறது, விலை மலிவான ஒரு பழைய ஊசி.

இதற்கு வரும் மறுப்புகள் எளிதாகத் தள்ளிவிடக் கூடியவை அல்ல. ஆன்டிபயாடிக் வேண்டாம் என்றும் சொல்கிறாய், ஊசி போடு என்றும் சொல்கிறாய், கிருமி மருந்துக்குப் பழகிவிடாதா என்று கேட்கலாம். எண்பது ஆண்டுகள் பயன்படுத்திய பின்னும் இந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பென்சிலினுக்குப் பழகவில்லை. அசித்ரோமைசின் வகைக்குத்தான் பல நாடுகளில் பழகிக்கொண்டிருக்கிறது. ஆக, கடையில் தாராளமாகக் கிடைப்பது பலன் குறைந்துவரும் மருந்து. கிடைக்கச் சிரமப்படுவது பலன் குன்றாத மருந்து. பென்சிலின் போட்டால் ஒவ்வாமையில் உயிர் போய்விடும் என்ற பயம் இன்னொன்று. டாக்டர்களிலேயே பலர் இதனால் ஊசியைத் தொடுவதில்லை. பல நாடுகளில் 32,430 ஊசிகளைக் கண்காணித்து 1991-ல் வெளிவந்த ஆய்வில் கடும் ஒவ்வாமை வந்தது 4 தடவை, இறந்தவர் ஒருவர். அந்த ஒரு உயிரை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அட்ரினலின் ஊசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போட்டபின் அரைமணி நேரம் உட்காரவைத்து, வால்வு மிக மோசமாகக் கெட்டவர்களுக்கு மட்டும் மாத்திரையாகக் கொடுத்தால், இந்த ஆபத்தைச் சமாளிக்க முடியும். ஊசி போடாமல் விட்டால் வரும் வால்வு நோயைச் சமாளிப்பதோ ஆயுள் முழுக்க நீளும் பாடு. டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிலையம் உருவாக்கி 1990-ல் முதலில் பொருத்திய உள்நாட்டு வால்வு பெருமைப்பட வேண்டிய சாதனை. ஆனாலும் செயற்கை வால்வு வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையையும் ரத்தப் பரிசோதனையையும் கடைசிவரை விட முடியாது.

நகரத்தில் இந்த நோய் குறைந்துவிட்டது, இப்போது பிரச்சினை சர்க்கரையும் மாரடைப்பும்தான் என்பது மூன்றாவது மறுப்பு. குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் எப்படித் தேடினோம் என்பதையும் பார்க்க வேண்டும். டெல்லியை ஒட்டிய பல்லப்கட்டில் 6,270 பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவு. எக்கோ வைத்தபோது ஆயிரத்தில் 20 பேர். மாரடைப்பைப் பற்றிய கவலையும் நியாயமானதே. ஈஜிபுராவுக்குக் கூப்பிடு தூரத்தில் உள்ள செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் டெனிஸ் சேவியரும் சகாக்களும் 20,468 நோயாளிகளின் விவரத்தோடு 2008-ல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்பு வந்த முப்பது நாளுக்குள் ஏழைகளில் 8.2 சதவீதமும் வசதியானவர்களில் 5.5 சதவீதமும் இறந்ததைக் காட்டியது. ஏழைகளுக்குக் கிடைத்த சிகிச்சை குறைவு என்பதே முக்கியக் காரணம். மாரடைப்பிலும் வால்வு நோயிலும் ஏழையைக் கைவிடுவது ஒரே குறைபாடுதான். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் மாத்திரை கொடுக்கத் தெரிந்த கிளினிக்குக்கு 21 நாளைக்கு ஒருமுறை ஊசி போடவும் தெரியும்.

அதனால் கேட்கவேண்டியது பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுமில்லை. வார்டு தோறும் கர்நாடக அரசு திறந்துவரும் ‘நம்ம கிளினிக்’குகளில், பிள்ளையின் வாயைத் திறக்கவைத்து டார்ச் அடித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். இருமல் இல்லாத காய்ச்சல், தாடைக்குக் கீழே நெறி, சீழ்ப்புள்ளி என்று இருந்தால் மட்டும் பென்சிலின் கொடுக்க வேண்டும். அலமாரியில் பென்சாத்தீன் பென்சிலின் தீராமல் இருக்க வேண்டும். விலைக் கட்டுப்பாட்டில் உள்ள மலிவு மருந்தைத் தயாரிக்கக் கம்பெனிகள் முன்வராவிட்டால் அரசே மொத்தமாக ஆர்டர் கொடுத்து வாங்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஊசி போடவேண்டிய பிள்ளைகளின் பதிவேடு ஒன்று வேண்டும்.

பதிவேட்டை இத்தனை வற்புறுத்த ஈஜிபுராவிலேயே காரணம் இருக்கிறது. 2013 ஜனவரியில் இங்கிருந்த ஈ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்தோர்) குடியிருப்பை இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு நகரின் பல மூலைகளுக்கும் சிதறின. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கும் நெருக்கடியில்தான் இந்தக் கிருமி தொண்டைக்குத் தொண்டை தாவுகிறது. அந்த வீடும் நிலையில்லாதபோது ஊசித் தேதி யாருக்கு ஞாபகம் இருக்கும்? 11 வயதில் இதயம் பாதிக்கப்பட்ட பிள்ளைக்குக் குறைந்தது 21 வயதுவரை ஊசி தேவை. ஆண்டுக்கு 17, மொத்தம் 170-க்கு மேல். வீட்டுவேலைக்கோ சித்தாள் வேலைக்கோ போகும் தாய் அத்தனை தடவை கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாது. ஆகவே ஊசிக்கு மாலை நேரமும் ஒதுக்க வேண்டும், தேதி தப்பினால் மறுநாளே ஆஷா ஊழியர் தேடிப் போக வேண்டும், அந்தப் பிள்ளையின் அட்டை ஈஜிபுராவில் செல்வதுபோல அவர்கள் அடுத்துக் குடிபோகும் வார்டிலும் செல்ல வேண்டும்.