வரையாட்டுக்குச் சிப்ஸ்

கோவைப் பக்கத்துப் பள்ளிகளில் டூர் என்றால் ஊட்டிதான். தாவரவியல் பூங்கா, படகு இல்லம், மத்தியானம் ஆறிப்போன தக்காளி சாதம், சாக்லேட் கடை, வர்க்கி. ராத்திரி, பாதி வாந்தியும் பாதித் தூக்கமுமாகப் பிள்ளைகளைப் பள்ளி வாசலில் இறக்கிவிடுவார்கள். “என்ன கண்ணு பார்த்த?” என்று கேட்டால், “கியூவுல நின்னேன்ப்பா” என்கிறான் என் மகன். பொய் சொல்லவில்லை, பாவம்.

மலை என்று நாம் காட்டுவதில் மலைக்குச் சொந்தமானது எவ்வளவு? பூங்கா 1848-இல் வெள்ளைக்காரர்கள் போட்டது. ஏரி, அதற்கும் முன்னால் வெள்ளைக்காரக் கலெக்டர் சல்லிவன் வெட்டியது. சினிமாப் பாட்டு எடுத்த இடம் என்று வண்டியை நிறுத்திப் போட்டோ எடுக்கிறோமே, அந்தப் பைன் காடு ஆள் வைத்து நட்ட தோப்பு. தைல மரமும் சீகையும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. தேயிலைத் தோட்டத்தைக் காட்டி, “எவ்வளவு பச்சை பாரு!” என்கிறோம். மைல் கணக்கில் ஒரே செடி. அதில் இருவாச்சி கூடு வைக்க ஒரு பொந்து கிடைக்குமா? பெண் பறவை பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு அடைகாக்கும், ஆண் பறவை பழம் கொண்டுவந்து விரிசல் வழியாக ஊட்டும் என்று சொன்னால் எந்தப் பிள்ளை கேட்காது? சொல்ல ஆளில்லை.

மடிப்புகளில் அடர்ந்த சோலை, சரிவெல்லாம் புல். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளில் உண்மையான மலை அதுதான். பெய்த மழையைப் பிடித்து வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் விடுவதும் அதுதான். டூர் பஸ் அங்கே நிற்காது. கடை இல்லையே!

போன விடுமுறையில் வால்பாறைக்குப் போனோம். ஆழியாறிலிருந்து ஏறினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை. அங்கே தடுப்புச் சுவரின் மேல் வரையாடு ஒன்று நின்றுகொண்டிருந்தது. நல்ல கிழட்டுக் கிடா, முதுகில் வெள்ளி பூசியதுபோல ஒரு பட்டை. சுவருக்கு அந்தப் பக்கம் அதலபாதாளம். அது பாட்டுக்குத் திரும்பி, பாறையில் கால் வைத்து இறங்கப் பார்த்தது. குளம்பின் ஓரம் கெட்டி, நடுவே ரப்பர் மாதிரி மெத்து. அதனால்தான் வழுக்காது என்று மகனிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. பாட்டுச் சத்தம் அப்படியே இருக்க, நாலு பேர் இறங்கினார்கள். ஒருவர் தன் குழந்தையின் கையில் சிப்ஸைத் திணித்து, “குடு தங்கம், சாப்பிடும்” என்றார். ஆடும் வாயை நீட்டியது. பழகிவிட்டது போல.

“குடுக்காதீங்க, அதுக்கு ஆகாதுங்க” என்றேன்.

“ஏங்க, அது உங்க வீட்டு ஆடா?”

இல்லைதான். மாநில விலங்கு. உலகத்திலேயே இந்த மலைத்தொடரில், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் மட்டும்தான் உண்டு. அதைக் காப்பாற்ற 2022-இல் நம் அரசு இருபத்தைந்து கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. மலை மலையாக ஏறி எண்ணியதில் 2025-இல் தமிழ்நாட்டில் 1,303 என்று கணக்கு வந்தது. நம் பக்கம் மொத்தமே அவ்வளவுதான். அதில் ஒன்றுக்கு நாம் மசாலாப் பொடி தூவிய உருளைக்கிழங்கு ஊட்டிக்கொண்டிருக்கிறோம், குழந்தையின் கையாலேயே.

மூணாறு பக்கம் இரவிகுளம் தேசியப் பூங்காவை வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள். வரையாடு குட்டி போடும் காலம். “இவ்வளவு தூரம் வந்தும் பூட்டி வெச்சிருக்கானுங்க” என்று வாட்ச்மேனிடம் சண்டை போடும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் பிள்ளைகள் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். ஆட்டுக்குட்டிக்காக மனிதர்கள் இரண்டு மாதம் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள் என்பதைவிட நல்ல பாடம் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? அதையும் நாமே கெடுக்கிறோம்.

பிள்ளைகளைக் குறை சொல்லவே மாட்டேன். வால்பாறை புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்க மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அதன் கீழே என் மகன் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றான். நகரவே இல்லை. “ஏறு ஏறு, இன்னும் மூணு பாயின்ட் பாக்கி இருக்கு” என்று அவசரப்படுத்தியது எங்கள் வேனிலிருந்த பெரியவர்கள்தான்.

போன வாரம் பள்ளிக் கூட்டத்தில் மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். இந்த வருஷம் டாப்சிலிப் போகலாமே, வனத்துறை வண்டியிலேயே காட்டுக்குள் கூட்டிப்போவார்கள், வகுப்புக்கு நாலு பைனாகுலர் வாங்கினால் போதும், பெற்றோரே காசு போடுகிறோம் என்று. டூர் பொறுப்பாளர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அங்க என்ன சார் இருக்கு? போட்டிங்கூடக் கிடையாது” என்றார். சுற்றிலும் உட்கார்ந்திருந்த பெற்றோரும் தலையாட்டினார்கள். ஊட்டிக்குப் பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை.